பெயர் இருக்கிறதா, பார்!



2025-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் நடுப்பகுதி. கல்லலில் வசிக்கும் என் பெரியம்மாவைக் கண்டு நலம் விசாரித்து வரச் சென்றிருந்தேன். காரைக்குடிக்கும் மானாமதுரைக்கும் இடையே ஓடும் இரயில் பாதையில், செம்மண் பூமியின் நடுவே அமைந்த ஊர் கல்லல். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம் என்பதால், சுற்றுப்புறச் சிற்றூர் மக்கள் மனுவும் கையுமாக வந்து போகும் ஊருங்கூட. அஸர் தொழுகையை முடித்து வீட்டுக்குத் திரும்பியபோது, பெரியம்மா கவலை தோய்ந்த முகத்துடன் திண்ணையில் அமர்ந்திருந்தார்கள். மடியில் இரண்டு தாள்கள். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்திற்காக வீடு வீடாகக் கொடுக்கப்பட்டு வந்த கணக்கெடுப்புப் படிவத்தின் இரு பிரதிகள் அவை.

"தம்பி, பழைய பட்டியலில் என் பெயர் இருக்கிறதா, பார். இல்லையென்றால் நான் இந்த நாட்டுக்காரியே இல்லை என்று சொல்லிவிடுவார்களாமே?"

"அப்படியெல்லாம் யாரும் சொல்ல முடியாது பெரியம்மா" என்று என் வாய் சொன்னதே தவிர, மனம் அவ்வளவு உறுதியாக இல்லை. எண்பதை நெருங்கும் வயது. மூன்று தலைமுறையைக் கண்ட மூதாட்டி. ஒரு தாளைப் பார்த்து அவர்கள் அஞ்சுகிறார்கள் என்றால், அந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்கிவிட முடியுமா?

தமிழகத்தில் அந்தத் திருத்தப் பணி 2025 நவம்பர் 4-ஆம் நாள் தொடங்கியது. 2002 முதல் 2005 வரையிலான காலத்தில் நடைபெற்ற முந்தைய தீவிரத் திருத்தத்தின் பட்டியலில் நம் பெயரோ, நம் பெற்றோரின் பெயரோ எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருந்தது என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வரிசை எண்ணை யார் நினைவில் வைத்திருப்பார்? ஆகவே அந்தப் பழைய பட்டியல்களையெல்லாம் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஏற்றி வைத்திருந்தார்கள்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் தங்கை மகள் கைப்பேசியுடன் வந்து அமர்ந்தாள். பெரியம்மாவின் பெயரைத் தட்டித் தேடினாள். இல்லை. எழுத்தை மாற்றித் தட்டினாள். அப்போதும் இல்லை. பெரியப்பாவின் பெயரைக் கொண்டு தேடினாள். அதே பெயரில் பலர் வந்தார்கள். எங்கள் பெரியப்பா மட்டும் வரவில்லை. பெரியம்மாவின் உதடுகள் ஏதோ ஓதத் தொடங்கிவிட்டன.

பிறகுதான் ஒன்று எனக்கு நினைவுக்கு வந்தது. பெரியப்பா மௌத்தான பின்னரே பெரியம்மா மகள் வீட்டோடு கல்லலுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பழைய திருத்தம் நடந்தபோது அவர்கள் இளையான்குடியில் இருந்தார்கள். அக்காலத்தில் இளையான்குடி என்றே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. 2008-ஆம் ஆண்டின் தொகுதி மறுசீரமைப்பில் அந்தத் தொகுதி நீக்கப்பட்டுவிட்டது. நாங்கள் இன்றைய தொகுதியின் பெயரை வைத்துக்கொண்டு அன்றைய பெரியம்மாவைத் தேடிக்கொண்டிருந்தோம்!

பழைய தொகுதியின் பெயரைச் சொன்னதும் பட்டியல்கள் கிடைத்தன. ஆனால் அவையெல்லாம் படமாக எடுத்து ஏற்றப்பட்ட பக்கங்கள். கண்ணால்தான் படிக்க வேண்டும். மருமகள் பொறுமையாக ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பெயர்களை உரக்க வாசித்தாள். மூன்றாவது பாகத்தில் ஓரிடத்தில் பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"நில்லு, நில்லு. அது எங்கள் தெரு. இப்போது நீ சொன்னது எதிர்வீட்டு மாமி. மேலே வாசி."

அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று அவர்களே சொல்லிக்கொண்டு வந்தார்கள். "அடுத்தது எங்கள் வீடுதான்" என்றார்கள். இருந்தது. பெயரில் ஓரெழுத்து மாறியிருந்தது. பெரியப்பாவின் பெயரில் பாதியைக் காணவில்லை. வயது நான்கு கூடியிருந்தது. ஆனால் அது பெரியம்மாதான், ஐயமில்லை. கணிப்பொறி எழுத்தைக் கொண்டு தேடித் தோற்ற இடத்தில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மூதாட்டி தெருவின் வரிசையைக் கொண்டு தம்மைத் தாமே கண்டெடுத்தார்கள்.

செய்தி பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. மஃரிப் பாங்கு ஒலிக்கும் முன் ஏழு வீட்டார் தங்கள் படிவங்களுடன் எங்கள் திண்ணைக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் துபாயிலும் மலேசியாவிலும் இருக்க, தனித்து வாழும் தாய்மார்களே அவர்களில் பலர். சபராளிகளின் வீடுகளில் கைப்பேசிக்கா பஞ்சம்? ஒருவர் கையில் மகன் அனுப்பிய விலையுயர்ந்த கருவியே இருந்தது. அதில் மகனின் முகத்தைப் பார்க்கத் தெரியும். பட்டியலைப் பார்க்கத் தெரியாது.

அந்தத் திண்ணையில் எழுந்த எண்ணங்களைத்தான் இம்மாதம் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அரசாங்கத்தின் ஏடு மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பது இன்று எல்லோரும் பேசும் பேச்சு. ஏட்டைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா, அதைப் படித்துச் சொல்லவும், படித்தவர் கேட்டால் பதில் சொல்லவும் ஆள் வேண்டாமா என்பதே என் கேள்வி.

செட்டிநாட்டுச் சீமை கணக்குக்குப் பேர்போனது. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் பெருமக்கள் பேரேட்டையும் ஐந்தொகையையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதினார்கள் என்பதை இப்பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். ஆனால் அது தனியார் கணக்கு. ஊர்க்கணக்கு என்று வரும்போது கதையே வேறு. பரம்பரைக் கணக்குப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் நம் பாட்டனார்கள் காத்துக் கிடந்த காலம் ஒன்றுண்டு. யாருடைய நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பது அவர் பெட்டிக்குள் இருக்கும் இரகசியம். 1980-ஆம் ஆண்டில் அந்தப் பரம்பரைப் பதவி ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இன்று பட்டாவையும் சிட்டாவையும் வில்லங்க விவரத்தையும் வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிகிறது. இதைச் சிறிய மாற்றம் என்று எவரும் சொல்ல மாட்டார்.

இந்த உரிமை கணிப்பொறியோடு வந்ததன்று. இராஜஸ்தான் மாநிலத்தில், கூலிக்கு மண் சுமந்த ஏழை மக்களிடமிருந்து வந்தது. சென்னையில் பிறந்து, ஐ.ஏ.எஸ். பதவியைத் துறந்து கிராமத்திற்குச் சென்ற அருணா ராய் அவர்களும் அவருடைய தோழர்களும் 1990-இல் அங்கே உழைக்கும் மக்களின் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்னும் ஊரில் முதன்முதலாக மக்கள் மன்றத்தைக் கூட்டினார்கள். அரசுப் பணிகளின் செலவுக் கணக்கையும் கூலிப் பட்டியலையும் எப்படியோ பெற்று, ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்கள் கூலி வாங்கியதாகக் கையொப்பம் இருந்தது. இறந்தவர்கள் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது. படிக்கப் படிக்கக் கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து, "அது நான்தான், நான் வாங்கவில்லை" என்றார்கள். 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடத்தினார்கள். "எங்கள் பணம், எங்களுக்குக் கணக்கு வேண்டும்" என்பதே அவர்கள் கோரிக்கை.

நாட்டிலேயே முதன்முதலாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றிய மாநிலம் நம் தமிழ்நாடுதான், 1997-இல். விலக்குகள் மலிந்த சட்டம் என்பதால் மக்களுக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளுக்குள் பதில். ஏன் கேட்கிறாய் என்று அதிகாரி வினவக் கூடாது. காரணமின்றிக் காலம் கடத்தினால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்கலாம். அதே சட்டத்தின் நான்காம் பிரிவை நம்மில் பலர் அறிவதில்லை. யாரும் கேட்காமலேயே, அரசு அலுவலகங்கள் தம் பணிகள், செலவு, மானியம் பெறுவோர் விவரம் ஆகியவற்றைத் தாமாகவே வெளியிட வேண்டும் என்கிறது அப்பிரிவு. இணையம் அதற்கு வாய்த்த கருவி. இராஜஸ்தான் அரசு 2019 செப்டம்பரில் தொடங்கிய மக்கள் தகவல் தளம் அந்த நான்காம் பிரிவின் குழந்தையே. கோட் கிரானாவில் கையால் எழுதிப் படிக்கப்பட்ட பட்டியல், கால் நூற்றாண்டு கடந்து கைப்பேசித் திரைக்கு வந்து சேர்ந்தது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். கல்லலிலிருந்து திருப்பத்தூர் வழியாக மதுரைச் சாலையில் போனால் மேலூர் வரும். இந்த மேலூர் வட்டாரத்தில் 2001-ஆம் ஆண்டு இறுதியில் ஒரு முயற்சி தொடங்கியது. இந்தியாவில் அத்தகைய முயற்சிகளுள் முன்னோடியானவற்றில் அதுவும் ஒன்று. சென்னை ஐ.ஐ.டி.யும், அமெரிக்காவின் ஹார்வர்டு, எம்.ஐ.டி. கல்வி நிறுவனங்களும் சேர்ந்து, கம்பியில்லாத் தொலைத்தொடர்பின் மூலம் கிராமங்களுக்கு இணையத்தைக் கொண்டு வந்தன. ஊருக்கு ஒரு சிறு நிலையம். அதில் ஒரு கணிப்பொறி. நடத்துவதற்கு உள்ளூர் இளைஞரோ இளம்பெண்ணோ. கண்ணில் கோளாறு உள்ளவரின் கண்ணைப் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றார்கள். நோய் கண்ட செடியைப் படம் பிடித்து மதுரை வேளாண் கல்லூரிக்கு அனுப்பினார்கள். இவற்றோடு, பிறப்பு இறப்புச் சான்று, வருமானச் சான்று, சாதிச் சான்று, முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்கான மனுக்களைக் கிராமத்திலிருந்தே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள்.

பேருந்துக் கட்டணம் மிச்சம். ஒரு நாள் கூலி மிச்சம். இடைத்தரகருக்குக் கொடுப்பது மிச்சம். மனுக்கள் குவிந்தன. பதில்களும் வந்தன. நிலையம் இருந்த ஊர்களில் இத்தகைய சான்றுகளைப் பெற்றவர்கள் கூடினார்கள் என்பதை இராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் என்னும் இரு ஆய்வாளர்கள் நேரில் ஆராய்ந்து 2006-இல் எழுதினார்கள்.

ஆனால் அவர்களே எழுதிய மற்றொரு செய்திதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. அரசு சார்ந்த அந்தச் சேவை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆர்வத்தோடு முன்னின்று நடத்திய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். பின்னர் வந்தவர்களுக்கு அந்தப் பெட்டியில் வந்து விழும் மனுக்களைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. கணிப்பொறி அப்படியேதான் இருந்தது, பழுதொன்றும் இல்லை. மறுமுனையில் பதில் சொல்ல ஆளில்லாமல் போயிற்று. சேவை நின்றது. காலப்போக்கில் நிலையங்களிலும் பெரும்பாலானவை மூடப்பட்டன. யார் அந்த நிலையங்களைப் பயன்படுத்தினார்கள் என்றும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். படிக்கும் இளைஞர்களே, அதிலும் ஆண்களே மிகுதி. கூலி வேலை செய்யும் நடுத்தர வயதுப் பெண்ணுக்கு அந்த வாசற்படி சற்று உயரமாகவே இருந்தது போலும்.

இன்று மூலைக்கு மூலை இ-சேவை மையங்கள் வந்துவிட்டன. சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் ஒப்புகை எண் கிடைக்கிறது. விண்ணப்பம் யாரிடம் நிற்கிறது என்பதும் தெரிகிறது. மேலூரில் ஒரு நல்ல அதிகாரியின் நல்லெண்ணத்தில் தொங்கிக்கொண்டிருந்தது இன்று ஓரளவு முறையாக வேரூன்றிவிட்டது. ஓரளவு என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒப்புகை எண் என்பது மனு போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்றே தவிர, நியாயம் கிடைத்தது என்பதற்குச் சான்றன்று. 'மனு முடித்துவைக்கப்பட்டது' என்று கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வரும். எப்படி முடிந்தது, ஏன் மறுக்கப்பட்டது என்று தேடிப் பார்த்தால் ஒற்றை வரி இருக்கும். அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டு மேல்முறையீடு செய்பவர் எத்தனை பேர்? மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் 2023 செப்டம்பரில் தொடங்கியபோது, மறுக்கப்பட்டவர்கள் முப்பது நாளுக்குள் இ-சேவை மையத்தின் வழியே மேல்முறையீடு செய்யலாம் என்று அரசு அறிவித்தது. நல்ல ஏற்பாடு. காரணம் தெரிந்தால்தான் எதிர்வாதம் செய்ய முடியும். காலக்கெடு தெரிந்தால்தான் உரிய நாளில் போய் நிற்க முடியும். அந்த அறிவிப்பு, மகனின் கைப்பேசிக்கு வந்து, மகன் கடலுக்கு அப்பால் இருந்துவிட்டால் தாய்க்கு எப்படித் தெரியும்? நம் வீடுகளில் நடப்பதைத்தான் சொல்கிறேன்.

புதுச்சேரிக் கடற்கரையில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் அங்குள்ள கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தபோது, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலையின் உயரம் பற்றிய செய்தி தேவைப்பட்டது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து அதை எடுத்தார்கள். திரையில் காட்டவில்லை. தமிழில் எழுதி, ஒலிபெருக்கி மூலம் கடற்கரை முழுவதும் கேட்கும்படி படித்தார்கள். அத்தகைய மையம் இருந்த நல்லவாடு என்னும் ஊரில் 2004 டிசம்பர் 26 அன்று அதே ஒலிபெருக்கிதான் உயிர் காத்தது. சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைபேசியில் சொல்ல, மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றிவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ்! நம் ஊர்களில் ஒலிபெருக்கி இல்லாத பள்ளிவாசல் ஏது? மௌத்து அறிவிக்கிறோம், கந்தூரி அறிவிக்கிறோம். மேல்முறையீட்டுக்கு இன்னும் மூன்று நாளே இருக்கிறது என்று அறிவித்தால் என்ன என்று ஜமாஅத் பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். "அதற்கும் ஓர் ஆள் விவரம் எடுத்துக் கொடுக்க வேண்டுமே" என்றார். மறுக்க முடியவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவேட்டை மக்கள் பார்ப்பது வேறு. மக்களைப் பதிவேடு பார்ப்பது வேறு. இரண்டையும் ஒரே பெயரால் 'வெளிப்படைத்தன்மை' என்று அழைக்கும் வழக்கம் வந்துவிட்டது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் மஸ்டர் ரோல் எனப்படும் வருகைப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம் என்றிருந்தது. அது மக்களின் பார்வை. 2023 சனவரி முதல், பணித்தளத்தில் நாளுக்கு இருமுறை தொழிலாளர்களைக் கைப்பேசியில் படம் பிடித்து ஏற்ற வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. இது அரசின் பார்வை. கோளாறின்றிப் படம் ஏறாவிட்டால் வெயிலில் மண் வெட்டியவருக்குத்தான் நட்டம். சரி, ஊழலாவது ஒழிந்ததா? 2025 சூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. தொடர்பில்லாத படங்களை ஏற்றுவது, படத்தையே மீண்டும் படம் பிடித்து ஏற்றுவது, ஒரே ஆட்களின் படத்தைப் பல பதிவேடுகளுக்குப் பயன்படுத்துவது என்று முறைகேடுகளை அதில் அடுக்கியிருந்தது. அந்தத் திட்டத்தின் சட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் வேறொரு சட்டம் நிறைவேறிவிட்டது என்பது தனிக் கதை. கோட் கிரானாவில் ஊர் கூடிப் படித்தபோது ஓர் ஏழைப் பெண் எழுந்து, "அது நான் அல்ல" என்றாளே, அந்த வேலையை எந்தக் கேமராவும் செய்யவில்லை.

எஸ்தோனியா என்று ஐரோப்பாவில் ஒரு சிறு நாடு. அங்கே அரசு வேலைகள் ஏறக்குறைய முழுவதும் இணையத்தில்தான் நடக்கின்றன. அரசு அலுவலகங்களில் தம்மைப் பற்றிய விவரத்தை யார் எடுத்துப் பார்த்தார்கள் என்பதைக் குடிமக்கள் இணையத்திலேயே தெரிந்துகொள்ள அங்கே வசதி உண்டு. தேவையின்றிப் பார்த்தவரைக் கேள்வி கேட்கலாம். நம் நாட்டில் காற்று எதிர்ப்பக்கமாக வீசத் தொடங்கியிருக்கிறது. 2023-இல் நிறைவேறிய தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் எட்டாம் பிரிவில் ஒரு திருத்தம் செய்தது. 2025 நவம்பரில் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. தனிநபர் பற்றிய தகவல் என்று சொல்லி மறுப்பது இனி அதிகாரிக்கு எளிது. யார் பெயரில் கூலி எழுதப்பட்டது, யார் பெயரில் மானியம் போயிற்று என்பதும் தனிநபர் தகவல்தானே என்று நாளை ஒருவர் சொல்லலாம். பெயரை மறைத்துவிட்டுப் பட்டியலைத் திறந்து வைத்து என்ன பயன்? தனிமனித அந்தரங்கம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் அரசுப் பணம் போன வழி அந்தரங்கம் ஆகாது என்பது என் கருத்து.

வாக்காளர் பட்டியலுக்கே மீண்டும் வருகிறேன். பீகாரில் 2025-இல் இதே திருத்தம் நடந்தபோது, வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பேர் விடுபட்டார்கள். அவர்கள் யார், ஏன் விடுபட்டார்கள் என்ற பட்டியல் வெளியிடப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆகஸ்ட் 14-ஆம் நாள் நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணை பிறப்பித்தது. விடுபட்ட ஒவ்வொருவரின் பெயரையும் காரணத்தோடு, வாக்குச்சாவடி வாரியாக, மாவட்ட இணையத்தளங்களில் வெளியிட வேண்டும். அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் கிடைக்க வேண்டும். அத்தோடு ஊராட்சி அலுவலகங்களிலும் தாளில் ஒட்டி வைக்க வேண்டும். நாளிதழிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் செய்ய வேண்டும் என்றது. இந்த ஆணையை நான் இருமுறை படித்தேன். கணிப்பொறியையும் கேட்டது, சுவரில் ஒட்டும் தாளையும் கேட்டது. காரணத்தையும் கேட்டது. இதே நீதிமன்றம் 2018-இல், வாக்காளர் பட்டியலைச் சொல் தேடும் வடிவில் தர வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

தமிழகத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19-இல் வெளியாயிற்று. சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. இறந்தவர்கள், இருமுறை பதிவானவர்கள், வேறிடம் சென்றவர்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. நீக்கப்பட்டோரின் பட்டியல் இம்முறை வாக்குச்சாவடி வாரியாகவே வெளிவந்தது.

நம் சமுதாயத்து வீடுகளுக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. அது நம் பெயர். ஜுலைகா என்ற ஒரு பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜுலைகா, சுலைகா, ஜுலேகா, சூலிகா, ஜுலைஹா. போதாக்குறைக்கு ஓரிடத்தில் பீவி, ஓரிடத்தில் பேகம், ஓரிடத்தில் அம்மாள். ஆண்களின் பெயருக்கு முன்னால் வரும் முஹம்மதுவை முகமது, முகம்மது, மொகமது என்று எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள்! பேரேடு எழுதிய மனிதருக்கு இவையெல்லாம் ஒரே ஆள் என்று தெரியும். கணிப்பொறிக்கு ஐந்து ஆட்கள். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் குடும்ப அட்டையில் எப்படி, வாக்காளர் அட்டையில் எப்படி, ஆதாரில் எப்படி, பட்டாவில் எப்படி, பாஸ்போர்ட்டில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்துப் பிசகாமல் குறித்து வையுங்கள். கொடுத்த மனுவின் ஒப்புகை எண்ணையும் தேதியையும் அதிலேயே எழுதுங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை எழுதிவிடும்.

கிராம சபையையும் மறந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்களை 2022-இல் ஆறாக உயர்த்தினார்கள்: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சிவகங்கை உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5-உடன் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத அந்த நாட்களில் ஊர்க்கணக்கை நேருக்கு நேர் கேட்க வேறு எந்த இடம் இருந்தது? நம் பெண்களில் எத்தனை பேர் அக்கூட்டங்களுக்குப் போகிறார்கள் என்று கேட்டால் நானே தலை குனிய வேண்டியிருக்கும். என் வீட்டிலிருந்தும் எவரும் போனதில்லை.

டிசம்பர் 20-ஆம் நாள் கல்லலிலிருந்து மருமகள் தொலைபேசியில் பேசினாள். பெரியம்மாவின் பெயர் வரைவுப் பட்டியலில் இருக்கிறது. திண்ணைக்கு வந்த ஏழு வீட்டாரில் ஆறு வீட்டார் பெயரும் இருக்கிறது. ஏழாவது வீட்டு அம்மாவின் பெயர் இல்லை. விடுபட்டோர் பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறாள். 'இடம் பெயர்ந்தவர்' என்று காரணம் எழுதியிருந்தது. மகளின் பிரசவத்துக்காகத் திருச்சிக்குப் போய், நாற்பது நாள் கழித்துத் திரும்பியவர் அவர்.

"அந்த அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை மாமா. அழுதுவிடுவார்களோ என்று பயந்தேன். ஆனால் அவர்கள், 'நான்தான் இங்கே இருக்கிறேனே, வா போவோம்' என்று துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆறாம் எண் படிவம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். ஒப்புகைச் சீட்டு வாங்கியாயிற்று. எண்ணை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்."

"நல்லது அம்மா. பெரிய நன்னி என்ன சொல்கிறார்கள்?"

"அவர்களுக்கு வேறொன்று வேண்டுமாம். இளையான்குடிப் பட்டியலில் அந்தத் தெருவை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை இன்னொரு முறை வாசிக்கச் சொல்கிறார்கள். அன்றைக்குத் தங்கள் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டோமாம். மீதி வீட்டார் யார் யார் என்று கேட்க வேண்டுமாம்."